ஐந்து பேர், ஒரு ஸ்ட்ரோலர்: ஜப்பானில் ரயிலிலும் பஸ்ஸிலும் குடும்பத்தோடு சுற்றுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கணவன், மனைவி, முழங்கால் வலி உள்ள 68 வயது அம்மா, 8 வயது மகள், 4 வயது மகன். முதல் ஜப்பான் பயணம். நரிதா விமான நிலையத்தில் இறங்கி டோக்கியோவில் நான்கு நாள், பிறகு கியோட்டோவில் மூன்று நாள், ஒசாகா வழியாக கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்பல். மொழி தெரியாது. ரயிலையும் பஸ்ஸையும் நம்பியே சுற்ற முடியுமா, எந்தப் பாஸ் வாங்க வேண்டும், எங்கே மாட்டிக்கொள்வோம்?

தாராளமாகச் சுற்றலாம். சொல்லப்போனால் உங்கள் குடும்பத்துக்கு டாக்சிதான் சிக்கல். அங்கே சாதாரண டாக்சியில் ஓட்டுநரைத் தவிர நான்கு பேர்தான் ஏறலாம். 12 வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளை இரண்டு பெரியவர்களாகக் கணக்கிடுவது அந்நாட்டுச் சட்டம். அந்தக் கணக்கில் மூன்று பெரியவர்கள் ஏறியபின் மிச்சமிருக்கும் ஒரு இடத்தில் ஒரு குழந்தை மட்டுமே உட்காரலாம். இரண்டாவது குழந்தைக்காக இன்னொரு டாக்சி பிடிக்க வேண்டும். 'குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்' என்று கேட்டால் ஓட்டுநர் பணிவாக மறுத்துவிடுவார்.

ரயிலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சொன்ன நிமிடத்துக்கு வரும், அறிவிப்பும் பலகையும் ஆங்கிலத்திலும் இருக்கும். குடும்பங்கள் களைத்துப் போவது ஸ்டேஷனுக்குள் நடந்தே. தவறான வாசலில் வெளியே வந்து அரை கிலோமீட்டர் சுற்றுவது, லிப்ட் எந்த மூலையில் என்று தேடுவது, ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பத்து நிமிடம் நடப்பது இவையெல்லாம்தான் பாட்டியின் முழங்காலையும் நான்கு வயதுப் பையனின் பொறுமையையும் தீர்த்துவிடும். அதனால் கீழே சொல்வதில் பாதி ஸ்டேஷனைப் பற்றியே இருக்கும்.

தலைக்கு ஒரு கார்டு

ஜப்பானில் ரயில், சுரங்க ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓடுவது ஐசி கார்டு, அதாவது பணம் ஏற்றி வைத்துக்கொண்டு, வைத்தால் கட்டணம் பிடித்துக்கொள்ளும் அட்டை. டோக்கியோவில் சுய்கா, பாஸ்மோ. கியோட்டோ, ஒசாகா பக்கம் இகோகா. 2013 மார்ச் முதல் இப்படிப் பத்து வகைக் கார்டுகள் ஒன்றின் இடத்தில் ஒன்று செல்லும்படி இணைக்கப்பட்டுவிட்டன. எனவே டோக்கியோவில் வாங்கியதையே கியோட்டோ பஸ்ஸிலும் வைக்கலாம், ஊர் மாறும்போது புதிதாக வாங்க வேண்டாம். சாதாரண சுய்காவுக்கு 500 யென் முன்பணம் உண்டு. சுற்றுலா வருவோருக்கான 'வெல்கம் சுய்கா'வுக்கு முன்பணம் இல்லை. ஆனால் அது 28 நாள்தான் செல்லும், மிஞ்சிய பணமும் திரும்பாது. உங்கள் பயணம் ஒரு வாரம் என்பதால் நரிதாவிலேயே வெல்கம் சுய்கா வாங்கிக்கொள்வது நல்லது.

எத்தனை கார்டு? நான்கு. ஒரே கார்டை வைத்து இரண்டு பேர் ஸ்டேஷன் நுழைவிலுள்ள தானியங்கி கேட்டைத் தாண்ட முடியாது. கார்டில் 'இவர் உள்ளே போயிருக்கிறார்' என்று பதிவாகிவிடும், வெளியே வந்து கணக்கை முடிக்கும்வரை அது அடுத்தவருக்குத் திறக்காது. 6 முதல் 11 வயது வரை அரை டிக்கெட். அதனால் மகளுக்குக் குழந்தைகள் கார்டு வாங்க வேண்டும். அதைக் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி, பிறந்த தேதியைப் பதிந்து வாங்குங்கள். பெரியவர் கார்டை அவளிடம் கொடுத்தால் கேட் திறக்கும், ஆனால் முழுக் கட்டணம் பிடித்துக்கொள்ளும். சரியான கார்டுதானா என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம். பெரியவர் கார்டை வைத்தால் 'பிப்' என்று ஒலிக்கும் கேட், குழந்தைக் கார்டை வைத்தால் குருவி கத்துவதுபோல 'பியோ பியோ' என்று கூவும்.

மகனுக்கு எதுவும் வேண்டாம். 1 முதல் 5 வயது வரை, கட்டணம் செலுத்தும் பயணி ஒருவருக்கு இரண்டு குழந்தைகள் இலவசம். நம் ரயில்வேயில் ஐந்து வயது ஆனதுமே பேச்சு வேறாகிவிடும், அங்கே ஆறு வரை கவலை இல்லை. கேட்டைத் தாண்டும்போது அவனை உங்களுக்கு முன்னால், உடம்போடு ஒட்டியபடி நடக்க வையுங்கள். பின்னால் விட்டால் நீங்கள் தாண்டியதும் தடுப்புப் பலகை அவன் முன்னே மூடிக்கொள்ளும். ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி) இருந்தால், கேட் வரிசையின் ஓரத்தில் ஊழியர் ஜன்னலை ஒட்டி இருக்கும் அகலக் கேட்டில் போங்கள்.

கார்டை வைக்கும் விதத்திலும் சின்ன விஷயம் உண்டு. வீசிக்கொண்டு போனால் படிக்காது. கேட்டில் கார்டைப் படிக்கும் பலகையின் மேல் தட்டையாக ஒரு நொடி வைத்து எடுக்க வேண்டும். அப்பா ஒருவரே நான்கு கார்டையும் ஒரே பர்ஸில் அடுக்கி அப்படியே வைத்தால் கேட் குழம்பி மூடிவிடும். ஆளுக்கு ஒன்றாகக் கழுத்துப் பட்டையில் மாட்டிவிடுங்கள். அந்த உறைக்குள்ளேயே ஓட்டல் பெயர் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட சீட்டும், உங்கள் கைபேசி எண்ணும் இருக்கட்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பணம் ஏற்றுவது எல்லா ஸ்டேஷன் இயந்திரத்திலும் முடியும், திரையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பல இயந்திரங்கள் ரொக்கம் மட்டுமே வாங்கும். ரொக்கத்துக்கு செவன் லெவன் கடைகளில் உள்ள ஏ.டி.எம்.களில் வெளிநாட்டுக் கார்டு வேலை செய்யும். ஒரு கார்டில் 20,000 யென்வரை வைக்கலாம். ஆனால் பெரியவருக்கு 3,000, மகளுக்கு 1,500 என்று தொடங்கி, 1,000க்குக் கீழே இறங்கும்போது நிரப்பினால் போதும். கிரெடிட் கார்டையே கேட்டில் வைக்கும் வசதி சில நிறுவனங்களின் பாதைகளில் வந்திருக்கிறது. அதில் குழந்தைக்கு அரைக் கட்டணம் கிடையாது, எல்லாப் பாதைகளிலும் இல்லை. உங்களுக்கு அது வேண்டாம்.

ஜே.ஆர். பாஸ் வேண்டுமா?

வேண்டாம். ஜே.ஆர். என்பது ஜப்பான் ரயில்வே நிறுவனக் குழு, அதன் ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு நாடு முழுதும் போக விடுவது இந்தப் பாஸ். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு எல்லோரும் முதலில் வாங்கப் பார்ப்பது இதைத்தான். 2023 அக்டோபரில் ஏழு நாள் சாதாரண பாஸ் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவாக 50,000 ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு வேகமான நொசோமி ஷின்கான்செனில் (புல்லட் ரயிலில்) இருக்கை பதிந்து போனால் ஏறக்குறைய 14,000 யென். நீங்கள் ஒருவழிதான் போகிறீர்கள். மூன்று பெரியவர்களுக்கு 42,000, மகளுக்கு 7,000, ஆக 49,000. குடும்பத்துக்கே பாஸ் வாங்கினால் மூன்று முழு, ஒரு அரை என்று 1,75,000 யென். அதுவும் நொசோமியில் ஏற மேலே தனியாகக் கட்ட வேண்டும்.

டோக்கியோவுக்குள் மட்டும் ஒரு சீட்டை யோசிக்கலாம். 24, 48, 72 மணி நேரச் சுரங்க ரயில் சீட்டு, டோக்கியோ மெட்ரோவின் ஒன்பது பாதைகளிலும் தோயெ சுரங்க ரயிலின் நான்கிலும் செல்லும். நாள் கணக்கு அல்ல, முதல் முறை கேட்டில் நுழைத்த நிமிடத்திலிருந்து மணிக் கணக்கு. மதியம் இரண்டுக்குத் தொடங்கினால் 24 மணிச் சீட்டு மறுநாள் மதியம் இரண்டு வரை செல்லும். ஆனால் யமனோதெ போன்ற ஜே.ஆர். பாதைகளில் செல்லாது. நாளுக்கு நான்கைந்து முறை சுரங்க ரயில் ஏறும் திட்டம் இருந்தால் வாங்குங்கள். சீட்டுக்காகப் பாதையை வளைத்து, பாட்டியைக் கூடுதலாக ஒரு முறை மாறி ஏற வைக்காதீர்கள்.

எண்ணைப் படியுங்கள், பெயரை அல்ல

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு எழுத்தும் எண்ணும் உண்டு. கின்சா பாதை ஆரஞ்சு நிறம், எழுத்து ஜி. ஷிபுயா ஜி 1, உவெனோ ஜி 16, அசகுசா ஜி 19. உவெனோவில் ஏறி அசகுசா கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் எண் ஏற வேண்டும்: 17, 18, 19. கதவுக்கு மேல் உள்ள திரையில் அடுத்த ஸ்டேஷன் 15 என்று வந்தால் எதிர்த் திசையில் போகிறீர்கள் என்று பொருள். அடுத்ததில் இறங்கி எதிர்ப் பக்கம் ஏறுங்கள். கேட்டை விட்டு வெளியே போகாதவரை கூடுதல் காசு இல்லை. இந்த வேலையை எட்டு வயது மகளிடமே ஒப்படையுங்கள். பெயர்கள் பெரியவர்களுக்கே குழப்பும். எண்ணைக் குழந்தை பிசகாமல் பார்த்துச் சொல்லும்.

யமனோதெ வட்டப் பாதை, இளம்பச்சை, 30 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். தவறான பக்கம் ஏறினாலும் போய்ச் சேருவீர்கள், நேரம்தான் கூடும். அதன் கிழக்குப் பக்கத்தில், தபாதா முதல் ஷினகாவா வரை, வானநீல நிற கெய்ஹின் தோஹோகு பாதை கூடவே ஓடுகிறது. பல ஸ்டேஷன்களில் ஒரே பிளாட்பாரத்தின் இரு புறமும் இரண்டும் நிற்கும். எதில் ஏறினாலும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் நீலம் பகல் நேரத்தில் விரைவு வண்டியாக ஓடும்போது யூராகுச்சோ, ஷிம்பாஷி போன்றவற்றில் நிற்காது. அந்த நிறுத்தங்களுக்குப் போவதென்றால் பச்சையில் ஏறுங்கள்.

பெயர் ஒன்றாக இருப்பதும் ஒரு பொறி. அசகுசா என்று இரண்டு ஸ்டேஷன் உண்டு. சுகுபா எக்ஸ்பிரஸ் பாதையின் அசகுசா, கின்சா பாதை அசகுசாவிலிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கூகுள் மேப்ஸில் ஓட்டலின் பெயரைப் போட்டு வழி கேளுங்கள், ஸ்டேஷன் பெயரைப் போட்டு அல்ல.

கூகுள் மேப்ஸ் பிளாட்பாரம் எண்ணையும் வெளியேறும் வாசல் எண்ணையும் காட்டும். இரண்டையும் ஏறுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வெளியே போகும் வழி. ஷின்ஜுகு போன்ற ஸ்டேஷனில் வாசல்கள் மட்டும் 200க்கு மேல். 'வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது அங்கே நடக்காது. லிப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. சுவரில் உள்ள ஸ்டேஷன் படத்தில் எந்த வாசலுக்கு லிப்ட் என்று குறித்திருப்பார்கள், அதைப் பார்த்து நடங்கள், தூரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஐம்பது படி ஏறுவதைவிட 300 மீட்டர் சமதளத்தில் நடப்பது வலிக்கிற முழங்காலுக்கு எவ்வளவோ நல்லது.

வழி கேட்கும்போது செயலி மூன்று, நான்கு தேர்வுகள் தரும். எது சீக்கிரம் என்று பார்க்காமல், எதில் மாறுவது குறைவு என்று பாருங்கள். 'மாறுவதற்கு 4 நிமிடம்' என்று அது சொல்வது தனியாக வேகமாக நடக்கும் ஒருவருக்கு. உங்களுக்கு 8, 10 ஆகும். டோக்கியோ ஸ்டேஷனில் டிஸ்னிலாண்டுக்குப் போகும் கெய்யோ பாதை தனியாகப் பூமிக்கடியில் ஒதுங்கி இருக்கிறது. மற்றப் பிளாட்பாரங்களிலிருந்து அங்கே நடக்கவே ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள், பாட்டியோடு இருபது நிமிடம்.

காலை 7.30 முதல் 9.30 வரை டோக்கியோ ரயிலில் ஸ்ட்ரோலரோடு ஏறாதீர்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், மடிக்கவும் தேவையில்லை. ஆனால் அந்த நெரிசலில் நான்கு வயதுக் குழந்தையின் முகம் அடுத்தவர் பைக்கு நேரே இருக்கும். காலை உணவை நிதானமாக முடித்துவிட்டு 9.30க்குப் புறப்படுங்கள். வார நாள் காலையில் சில பெட்டிகள் பெண்களுக்கு மட்டும், தரையில் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும். தொடக்கப்பள்ளி வயதுச் சிறுவர்கள் அதில் ஏறலாம், அப்பா ஏற முடியாது. குடும்பம் இரண்டாகப் பிரியாமல் இருக்க அந்தக் கோட்டிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

நகர ரயில்களில் கழிப்பறை கிடையாது. ஸ்டேஷனில் கேட்டுக்கு உள்ளே இலவசமாக, சுத்தமாக இருக்கும். பிளாட்பாரம் இறங்குவதற்கு முன்பே குழந்தைகளை அழைத்துப் போய்விடுங்கள். கட்டிக்கொண்டு போன புளியோதரையை நகர ரயிலில் பிரிக்காதீர்கள். ஷின்கான்செனில் தாராளமாகச் சாப்பிடலாம், எல்லோரும் சாப்பிடுவார்கள். குப்பைத் தொட்டி அரிது, ஒரு பிளாஸ்டிக் பை கையோடு இருக்கட்டும்.

நரிதாவிலிருந்து ஊருக்குள்

விமான நிலையம் நகரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். ஓட்டல் உவெனோ, அசகுசா பக்கமாக இருந்தால் கெய்செய் நிறுவனத்தின் பாதை வசதி. ஸ்கைலைனர் இருக்கை பதிந்த ரயில், முக்கால் மணி நேரத்தில் உவெனோ. அதே நிறுவனத்தின் ஆக்சஸ் எக்ஸ்பிரஸுக்குக் கூடுதல் சீட்டு வேண்டாம், கார்டை வைத்து ஏறலாம். அசகுசாவுக்கு நேரே ஒரு மணி நேரத்தில் போகும், ஆனால் சுமார் 40 நிமிடத்துக்கு ஒன்றுதான், உட்கார இடம் உறுதி இல்லை. இரவு விமானத்தில் தூங்காமல் வந்த குழந்தைகளோடு முதல் நாளே சிக்கனம் பார்க்காதீர்கள். ஸ்கைலைனரில் இருக்கை பதியுங்கள், அல்லது பெரிய ஓட்டல்களுக்கே நேரே போகும் விமான நிலைய பஸ்ஸில் ஏறுங்கள். பஸ்ஸில் பெட்டிகளை ஊழியரே ஏற்றி இறக்குவார்.

ஷின்கான்சென் நாள்

முதலில் பெட்டிகளை அனுப்பிவிடுங்கள். ஓட்டல் வரவேற்பில் 'தக்கியூபின்' என்று சொன்னால் போதும். பெட்டியின் அளவைப் பொறுத்து ஒன்றுக்கு 2,000 முதல் 3,000 யென் வாக்கில் ஆகும், இன்று காலையில் கொடுத்தால் பெரும்பாலும் நாளை கியோட்டோ ஓட்டலில் இருக்கும். அதனால் கிளம்பும் நாளுக்கு முந்தைய காலையிலேயே கொடுத்துவிட்டு, ஒரு இரவுக்கான துணியை மட்டும் தோள்பையில் வையுங்கள். இரண்டு பெட்டிக்கு ஆகும் 5,000 யென் அந்தப் பயணத்திலேயே மிக உருப்படியான செலவு.

அனுப்பாமல் கையோடு கொண்டுபோவதானால் அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், டோக்கியோவிலிருந்து கியோட்டோ வழியாக ஓடும் டோக்காய்தோ ஷின்கான்செனில் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்கூட்டியே பதிய வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் பதியாமல் கொண்டுவந்தால் 1,000 யென் வாங்குவார்கள். விமானத்தில் வழக்கமாக அனுமதிக்கும் 158 சென்டிமீட்டர் பெட்டி இதற்குள் அடங்கிவிடும். 30, 32 அங்குலப் பெட்டிகள்தான் தாண்டும்.

சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கை: ஏ, பி, சி ஒரு பக்கம், டி, ஈ மறு பக்கம். உங்கள் குடும்பம் ஒரு முழு வரிசை. பையனுக்கு இருக்கை வேண்டாம் என்றால் இலவசம், மடியில் வைத்துக்கொள்ளலாம். இருக்கை பதிந்தால் அவனுக்கும் அரைக் கட்டணம். கியோட்டோவுக்கு நொசோமியில் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். நான்கு வயதுக்காரன் அவ்வளவு நேரம் மடியில் அடங்க மாட்டான், அந்த 7,000 யென்னைக் கொடுத்துவிடுங்கள். ஈ ஜன்னலோரம். வானம் தெளிவாக இருந்தால் கிளம்பிய 40, 45 நிமிடத்தில் பூஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும். அங்கே பாட்டியையும் பேத்தியையும் உட்கார வையுங்கள்.

காகிதச் சீட்டு வாங்கினால் ஒரு லாபம் உண்டு, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் கையில் இரண்டு தாள் வரும்: ஒன்று பயணக் கட்டணச் சீட்டு, மற்றொன்று விரைவு வண்டிச் சீட்டு. முதல் தாளில் புறப்படும் இடம் டோக்கியோ ஸ்டேஷன் என்று இருக்காது, 'டோக்கியோ நகர எல்லை' என்றே இருக்கும். அதாவது உவெனோவிலிருந்து ஜே.ஆர். ரயிலில் டோக்கியோ ஸ்டேஷனுக்கு வருவதும் அதே சீட்டிலேயே அடக்கம். கியோட்டோவில் இறங்கியபின் நகர எல்லைக்குள் இன்னொரு ஜே.ஆர். ஸ்டேஷனுக்குத் தொடர்ந்து போவதும் அப்படியே, நடுவில் கேட்டை விட்டு வெளியே போகாதிருந்தால். உவெனோ கேட்டில் வழக்கம்போல சுய்காவை வைத்துவிட்டால் இந்தச் சலுகை வீணாகிவிடும். பயணக் கட்டணச் சீட்டை மட்டும் நுழையுங்கள். டோக்கியோ ஸ்டேஷனில் ஷின்கான்சென் கேட்டில் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே துளையில் செலுத்துங்கள். மறுமுனையில் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், எடுக்க மறக்காதீர்கள். இறங்கும் இடத்தில் அவை இல்லாமல் வெளியே வர முடியாது. செயலி வழியாக வாங்கும் சீட்டில் இந்த நகர எல்லைச் சலுகை இல்லை.

கியோட்டோவில் ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அறிவிப்பு வந்ததும் எழுந்து கதவருகே போய்விட வேண்டும்.

கியோட்டோவில் பஸ்ஸை எப்போது விடுவது

கியோட்டோ நகரப் பஸ்ஸில் பின் கதவில் ஏறி முன் கதவில் இறங்க வேண்டும், இறங்கும்போதுதான் கட்டணம். நகருக்குள் எவ்வளவு தூரமானாலும் பெரியவருக்கு 230 யென், மகளுக்கு 120. (டோக்கியோவின் தோயெ பஸ்ஸில் நேர் எதிர்: முன்னால் ஏறும்போதே கட்டணம்.) காசாகக் கொடுப்பதானால் சரியான சில்லறை போட வேண்டும், பெட்டி மீதி தராது. பக்கத்திலுள்ள இயந்திரம் 1,000 யென் நோட்டைத்தான் மாற்றித் தரும், 5,000, 10,000 நோட்டை நீட்டினால் ஓட்டுநரும் திண்டாடுவார், பின்னால் வரிசையும் நிற்கும். ரயில் கேட்டில் முடியாத ஒன்று இங்கே முடியும். கார்டை வைக்கும் முன் 'பெரியவர் இரண்டு' என்று விரலால் காட்டினால் ஓட்டுநர் தொகையை மாற்றி ஒரே கார்டில் பிடித்துக்கொள்வார்.

பழைய ஒருநாள் பஸ் பாஸ் இப்போது இல்லை, 2024 மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த ஒருநாள் சீட்டு 1,100 யென், குழந்தைக்கு 550. நான்கு பஸ் பயணத்துக்கு 920தான், ஐந்தாவதில்தான் லாபம். குடும்பத்தோடு ஒரு நாளில் ஐந்து முறை பஸ் ஏற மாட்டீர்கள்.

கியோமிசுதெரா போக கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து 206 பஸ் நேரே போகும். பத்து மணிக்கு மேல் அதன் வரிசை வளைந்து நிற்கும், ஏறினாலும் உட்கார இடமிருக்காது, தெருவில் நெரிசல் வேறு. காலை எட்டு மணி வாக்கில் போவதானால் பஸ். தாமதமானால் ஜே.ஆர். நாரா பாதையில் ஒரே ஸ்டேஷன் தள்ளி தொஃபுகுஜி, அங்கே கெய்ஹான் ரயிலுக்கு மாறி இரண்டாவது நிறுத்தம் கியோமிசு கோஜோ. அங்கிருந்து மேட்டில் 20, 25 நிமிடம் நடை. அந்த ஏற்றம் பாட்டிக்கு ஆகாது என்றால், அந்த ஒரு துண்டுக்கு மட்டும் அவரையும் பையனையும் ஒரு பெரியவரோடு டாக்சியில் அனுப்புங்கள்.

சிவப்புத் தோரண வாயில்கள் வரிசையாக நிற்கும் ஃபுஷிமி இனாரிக்கு பஸ் நினைப்பே வேண்டாம். அதே நாரா பாதையில் இரண்டாவது ஸ்டேஷன் இனாரி, ஐந்து நிமிடம், வாசலுக்கு எதிரே கோயில். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அதே பிளாட்பாரத்தில் முதலில் நிற்பது மியாகோஜி விரைவு வண்டியாக இருக்கும், அது இனாரியில் நிற்காமல் ஓடிவிடும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் 'லோக்கல்' என்று பலகையில் வருவதில் ஏறுங்கள். மான்கள் திரியும் நாராவுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் கின்தெத்சு ரயிலைத் தேர்ந்தெடுங்கள். அதன் நாரா ஸ்டேஷன் பூங்காவுக்கு ஐந்து நிமிட நடை, ஜே.ஆர். நாரா ஏறக்குறைய இருபது நிமிடம். கின்தெத்சுவிலும் சிறப்பு விரைவு வண்டிக்குத் தனிச் சீட்டு உண்டு, சாதாரண எக்ஸ்பிரஸுக்குக் கார்டு போதும்.

கேட் மூடிக்கொண்டால்

சிவப்பு விளக்கோடு பலகை மூடும், பின்னால் ஆட்கள் நிற்பார்கள், கையும் ஓடாது காலும் ஓடாது. பதற்றம் வேண்டாம், பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. பணம் போதவில்லை என்றால், கேட்டுக்கு உள்ளேயே கட்டண சரிக்கட்டும் இயந்திரம் இருக்கும், கார்டை வைத்துக் குறையும் தொகையைப் போட்டுவிட்டு மீண்டும் வாருங்கள். நுழையும்போது கார்டு சரியாகப் படியாமல் தாண்டியிருந்தால், ஓர ஜன்னலில் உள்ள ஊழியரிடம் கார்டைக் கொடுத்து ஏறிய ஸ்டேஷனைச் சொன்னால் சரிசெய்வார். மூன்றாவது, கார்டின் எல்லையைத் தாண்டிவிட்டது. டோக்கியோ பக்கம் கார்டை வைத்து ஏறி, சாதாரண ரயிலிலேயே அதாமி என்ற ஸ்டேஷனைத் தாண்டி மேற்கே போனால், இறங்கும் ஸ்டேஷனில் கார்டால் வெளியே வர முடியாது. டோக்கியோவில் வைத்துக் கியோட்டோவில் எடுப்பதும் அப்படித்தான். எந்த ஊரில் வைக்கிறீர்களோ அந்த வட்டாரத்துக்குள்ளேயே எடுக்க வேண்டும்.

ரயில் நின்றுபோய், 'வேறு நிறுவனப் பாதையில் இலவசமாகப் போகலாம்' என்று அறிவிப்பு வந்தால், அது காகிதச் சீட்டும் மாதப் பாஸும் வைத்திருப்பவர்களுக்கு. கார்டில் பணம் ஏற்றிப் போகிறவர்களுக்கு அல்ல. வரிசையில் நிற்காமல் வெளியே வந்து, வேறு பாதையில் புதிதாகக் கார்டை வைத்து ஏறிவிடுங்கள்.

குடும்பம் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று ஊரிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கதவு மூடி ஒருவர் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால், நின்றவர் அதே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஒரு பெரியவர் மட்டும் திரும்பி வர வேண்டும். இரண்டு பக்கமும் தேடிப் புறப்பட்டால்தான் ஒருவரை ஒருவர் கடந்து போய்விடுவீர்கள். மகள் தனியாக உள்ளே மாட்டிக்கொண்டால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி வையுங்கள், இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். சீருடைக்காரரிடம் கழுத்துப் பட்டையில் உள்ள சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஊழியரிடம் 'மைகோ' என்று சொன்னால் போதும், காணாமல்போன குழந்தை என்று பொருள், உடனே அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்வார்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119.

இரவில் நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும், கியோட்டோ பஸ்கள் அதற்கும் முன்பே. குழந்தைகளோடு அவ்வளவு நேரம் வெளியே இருக்கப்போவதில்லை என்றாலும், கடைசி வண்டி நேரத்தைப் பார்த்து வையுங்கள்.

திரும்பும் நாள்

கியோட்டோவிலிருந்தே விமான நிலையத்துக்குப் போனால் ஹருகா ரயில் மாறாமல் கொண்டுவிடும், ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். இதற்குத் தனிச் சீட்டு உண்டு. ஒசாகாவில் தங்கிவிட்டு ஜே.ஆரின் விமான நிலைய விரைவு வண்டியில் கார்டு வைத்துப் போவதானால், எந்தப் பெட்டியில் ஏறுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். பெரும்பாலான நேரம் அது எட்டுப் பெட்டி ரயில். ஹினெனோ ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிந்து, நான்கு பெட்டி விமான நிலையத்துக்கும் நான்கு பெட்டி வகயாமாவுக்கும் போகும். பிளாட்பாரப் பலகையிலும் பெட்டியின் பக்கவாட்டிலும் போகும் இடம் எழுதியிருக்கும். தப்பான பாதியில் ஏறிவிட்டால் ஹினெனோவில் நிற்கும் சில நிமிடத்துக்குள் இறங்கி முன் பகுதிக்கு ஓட வேண்டும், பெட்டியோடும் பாட்டியோடும் அது பெரும் பாடு. அதனால் ஒசாகாவில் ஏறும்போதே ஐந்து பேரும் ஒரே பெட்டியில், விமான நிலையம் என்று எழுதிய பகுதியில் ஏறுங்கள்.

கார்டில் மிஞ்சிய 200, 300 யென்னை விமான நிலையக் கடையில் தண்ணீர், பிஸ்கட் வாங்கித் தீர்த்துவிடுங்கள். கடைக்காரரிடம் முதலில் கார்டு என்று சொல்லுங்கள், இருக்கும் பாக்கி முழுவதையும் பிடித்துக்கொண்டு மீதித் தொகையை நாணயமாக வாங்கிக்கொள்வார்.